ஒன்பதாம் படிக்குப் போன மெயின் சுவிட்ச்

ஜூன் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோடு போட்ட தாளிலும் கோட்டைத் தாண்டிப் போகும் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால்தான் கடைசி வரைக்கும் கேட்கிறோம் என்று ஒரு தடவை சொன்னாய். அது நியாயம். இரண்டு மாதமாகப் போனையே எடுக்காமல் இருக்கிறாய், அதுவும் நியாயம்தான். "நான் மோட்டாரைக் கழட்டி மாட்டுகிறேன், என் மகள் வாக்கியத்தைக் கழட்டி மாட்டுகிறாள், வித்தியாசம் என்னவென்றால் நான் மாட்டினது ஓடும்" என்று பிளாக்கில் எழுதினேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். உன் ஆபீசில் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள் என்று உன் அம்மா சொன்னபோதுதான் உறைத்தது. பத்தாவதை இரண்டு தடவை படித்தவனுக்கு நகைச்சுவை எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது ஒரு உதவிக்காக எழுதுகிறேன். காரியம் இல்லாம எழுதமாட்டீங்களே என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

நீ ஆரம்பித்துக் கொடுத்த 'கழட்டி மாட்டி' பிளாக் என் கையை விட்டுப் போய்விட்டது. கதையை முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாதமாகத் தினம் நாற்பது பேர் பின்னூட்டம் போட்டார்கள். "அருமையான பதிவு ஐயா, என் தளத்துக்கும் ஒரு முறை வாருங்கள்." கூப்பிட்ட மரியாதைக்குப் போனேன். முடி வளர எண்ணெய் விற்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, அன்புக்கு நன்றி என்று பதில் போட்டேன். நாற்பது பேருக்கும் போட்டேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "யாருங்க இத்தனை பேர்?" என்றாள். வாசகர்கள் என்றேன். "எல்லாருக்குமா முடி கொட்டுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

போன வாரம் ஒரு தகவல் வந்தது. "தங்கள் தளத்தில் கோளாறு உள்ளது. நாங்கள் பராமரிப்புப் பிரிவு. உள்ளே வந்து சரிசெய்யக் கடவுச்சொல் தேவை." கொடுத்துவிட்டேன். திட்டாதே. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் ஹீட்டரும் பம்பும் பார்த்தவன் நான். ஆபீஸ் போகிற அவசரத்தில் முன்பின் தெரியாதவர்கள் என் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு ஸ்பூன்கூட அவர்கள் வீட்டில் குறைந்ததில்லை. மெக்கானிக் வந்து சாவி கேட்டால் கொடுக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் என் வீட்டுக் கதவு எனக்கே திறக்கவில்லை. நீதான் திறந்து கொடுக்கவேண்டும்.

அப்பா


ஜூன் 5

அப்பா,

மூணு மணி நேரம் முயற்சி பண்ணினேன். முடியலை. கடவுச்சொல்லை மாத்திட்டாங்க, அதை மீட்கிற வழியையும் மாத்திட்டாங்க. உங்க மெயிலும் அவங்க கையில்தான் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? நினைவு வச்சுக்க முடியலைன்னு சொன்னீங்க. ஐந்நூறு மோட்டாரோட சுற்று எண்ணிக்கை மட்டும் எப்படி நினைவிருக்கு?

மெயிலில் எனக்கு எதுவும் அனுப்பாதீங்க. வேற ஆள் படிக்கிறான். இப்படியே தாளில் எழுதுங்க. அவசரம்னா கூரியர்ல போடுங்க, மறுநாள் வந்துடும். மெயிலில் உங்க போன் நம்பரும் இருக்கு, அதனால கண்டவங்க கூப்பிடுவாங்க. கொஞ்ச நாள் அணைச்சு வைங்க.

மத்தபடி இதைப் பெரிசு பண்ணவேண்டாம். திருடினவங்களுக்கு வேண்டியது விளம்பரம் போட ஒரு இடம், அவ்வளவுதான். விட்டுடுங்க. வேற பேர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுத் தர்றேன்.

அந்தப் பதிவைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். அது மன்னிப்பா, இன்னொரு ஜோக்கான்னு எனக்குப் புரியலை. அதுக்கு அப்புறமா பதில் எழுதறேன்.

அம்மாகிட்ட மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்க.


ஜூன் 8, ஞாயிறு

பாப்பா,

நீ சொன்னபடி விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் பக்கத்துக் கடையின் கம்ப்யூட்டரில் பிளாக் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்தேன். விற்றுப்போன வீட்டை ரோட்டிலிருந்து எட்டிப் பார்ப்பது மாதிரி.

வீட்டில் ஆள் இருக்கிறது. ஒரு வாரத்தில் பதினாறு புதுப் பதிவு. எல்லாம் என் மாதிரியே எழுதியிருக்கிறது. "பத்தாவதை இரண்டு தடவை படித்த நான்" என்று ஒரு இடத்தில் வருகிறது. என்னைக் கிண்டல் பண்ணுகிற உரிமை எனக்கும் உன் அம்மாவுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். முதலில் சிரித்தேன். பழைய பதிவுகளைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹீட்டரில் தண்ணீரைச் சூடாக்குகிற காயில் கம்பியை மாற்றுவது பற்றி நான் எழுதினது உனக்கு நினைவிருக்கும். ஒன்பது படி. முதல் படி: வீட்டு மெயின் சுவிட்சை இறக்கு. ஹீட்டர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பழைய கட்டடங்களில் ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே கரண்ட் காத்துக்கொண்டிருக்கும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். இப்போது அங்கே படிகள் இடம் மாறிக் கிடக்கின்றன. தண்ணீரை வடிப்பது முதல் படி. மூடியைத் திறப்பது இரண்டு. மெயின் சுவிட்ச் ஒன்பதாம் படிக்குப் போய்விட்டது. "கடைசியாக மெயினை இறக்கி, எல்லாம் சரியா என்று பாருங்கள்" என்று இருக்கிறது. ஈரமான தரையில் நின்றுகொண்டு, கையை உள்ளே விட்ட பிறகு. எழுத்து நடை மட்டும் அச்சாக என்னுடையது.

மூணாம் மாடி என்று ஒரு வாசகி உண்டு. பேரைப் போடமாட்டார், பின்னூட்டத்தில் 'மூணாம் மாடி' என்று மட்டும் இருக்கும். தையல் ஆசிரியை. வீட்டில் அவரும் இரண்டு பிள்ளைகளும்தான். போன வருஷம் நான் எழுதினதை வைத்துக் குழாய், மின்விசிறி, சலவை மிஷின் எல்லாவற்றையும் அவரே கழட்டி மாட்டினார். என்னை நம்புகிற ஒரே ஆள் அவர்தான், உன் அம்மாவைச் சேர்த்தே சொல்கிறேன். அவர் ஹீட்டர் பதிவில் நேற்று கேட்டிருக்கிறார்: "ஐயா, மெயினைக் கடைசியில் இறக்கினால் போதுமா? பதினைஞ்சாம் தேதி ஞாயிறு பிள்ளைகள் வெளியே போறாங்க, அன்னைக்கு செய்யப் போறேன்."

நான் பதில் சொல்லியிருக்கிறேன். நான் என்றால் அந்த நான். "ஆமாம் அம்மா, போதும். தைரியமாகச் செய்யுங்கள்."

அங்கேயே உட்கார்ந்து, கடைக்காரர் பேரில் ஒரு பின்னூட்டம் போட்டேன். "என் பேரைச் சொல்லிக்கொண்டு வேறு ஆள் எழுதுகிறான். நம்பாதீர்கள், அவன் சொல்வதைச் செய்யாதீர்கள்." பத்து நிமிஷத்தில் அது காணாமல் போய்விட்டது. சாயங்காலம் புதுப் பதிவாகத் திரும்பி வந்தது. என் பிளாக்கில், என் நடையில்: "அன்பர்களே, என் பேரைச் சொல்லிக்கொண்டு வேறு ஆள் வருவான். நம்பாதீர்கள்."

நான் கொடுத்த எச்சரிக்கை என்மேலேயே திரும்பிவிட்டது. அவர் யார், எந்தத் தெரு, ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தப் பிளாக் ஒன்றுதான் வழி. அதில் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு, பதினைந்தாம் தேதி. கூரியரில் அனுப்புகிறேன்.

அப்பா


ஜூன் 10

அப்பா,

உங்க கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்னு படிச்சேன். அப்புறம் பிளாக்கைத் திறந்து பார்த்தேன். இதை எப்படி எழுதறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சாச்சு.

அங்கே ஆள் யாரும் இல்லை. உட்கார்ந்திருக்கிறது ஒரு மிஷின். எனக்கு அது நல்லாத் தெரியும், ஏன்னா அது எங்க மிஷின்.

நாங்க செய்யறது இதுதான். கடைக்காரங்க தங்களோட பொருளைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா, அதையே நூறு விதமா மாத்தித் தருவோம். காப்பின்னு தெரியக்கூடாதுன்னா வார்த்தையை மட்டும் மாத்தினா போதாது, வரிசையையும் கலைக்கணும். செருப்பு விளம்பரத்துல எந்த வரி முன்னே வந்தா என்ன? யாரும் சாகமாட்டாங்க. அதை நாலாயிரம் பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். எதுக்கு வாங்கறீங்கன்னு ஒருத்தரையும் கேட்டதில்லை. உங்க பிளாக்கைத் திருடினவன் அந்த நாலாயிரத்துல ஒருத்தன். திருடி, மிஷினை அதுல ஓட விட்டுட்டு வேற வேலை பார்க்கப் போயிட்டான். அவன் உங்க பிளாக்கைப் படிச்சிருக்கக்கூட மாட்டான்.

பதில் சொல்றதும் எங்க மிஷின்தான். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை 'ஆமாம்'னு வரணும், 'இல்லை' வந்தா ஆள் போயிடுவாங்கன்னு அதுல ஒரு விதி இருக்கு. அந்த விதியை எழுதினது நான். போன வருஷம் எனக்கு அதுக்காகத்தான் பாராட்டுச் சீட்டு கொடுத்தாங்க. அம்மா அதை ஃபிரேம் போட்டு மாட்டினாங்களே, அதுதான்.

மேலதிகாரிகிட்ட போனேன். "புகார் படிவம் கொடு, பதினாலு வேலை நாள்ல பார்ப்பாங்க"ன்னு சொன்னார். ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன். "உங்க அப்பா கொஞ்சம் மிகைப்படுத்தறவர்தானே, நாங்களும் படிச்சிருக்கோமே"ன்னு சிரிச்சார்.

அந்த ஒரு ஆளோட கணக்கை மட்டும் மூட எனக்கு அதிகாரம் இல்லை. மொத்த மிஷினையும் நிறுத்தற இடத்துக்கு வழி இருக்கு. நாலாயிரம் பேரோட பக்கமும் அதுல இருந்துதான் ஓடுது, நிறுத்தினா எல்லாமே அழிஞ்சுடும், என் வேலையும் அன்னைக்கே போகும், வேற எங்கேயும் சேர்த்துக்கவும் மாட்டாங்க.

நீங்க ஜோக் எழுதினப்போ எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்ததுன்னு இப்போ புரியுது. அதை இங்கே எழுத முடியலை.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், ஜோக் அடிக்காம பதில் சொல்லுங்க. அவங்க அதைத் தொட்டா நிச்சயமா உயிர் போயிடுமா?


ஜூன் 12

பாப்பா,

நிச்சயமாகச் சொல்ல முடியாது. கட்டடம் புதிதாக இருந்து, ஒயரை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஒயர் மாறியிருந்து, எர்த்தும் இல்லாமல், கால் ஈரத்தில் இருந்தால் பிழைப்பது கஷ்டம். நான் பார்த்த பழைய கட்டடங்களில் மூன்றில் ஒன்று அப்படித்தான். எனக்கே ஒரு தடவை பட்டிருக்கிறது. உனக்கு அப்போது நாலு வயது. "அப்பா ஏணியிலிருந்து விழுந்துட்டார்" என்று வீட்டில் சொல்லிவைத்தேன். ஏணியே அங்கே கிடையாது. இடது கை மோதிர விரல் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது. சூடான டம்ளரை நான் அந்த விரலால் பிடிப்பதைப் பார்த்து நீ ஆச்சரியப்படுவாயே, அது இதனால்தான்.

நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். உன் வேலையை ஊர் சிரிக்க எழுதினவன், இப்போது அந்த வேலையை விடு என்று சொன்னால் வாய் அழுகிவிடும். சாவியைக் கொடுத்தவனும் நான்தான். நிறுத்தாவிட்டாலும் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. இது ஜோக் இல்லை.

என் பங்குக்கு நான் தேடுகிறேன். காயில் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று அவர் முன்பு கேட்டபோது, எனக்குத் தெரிந்த உதிரிபாகக் கடையைச் சொல்லியிருந்தேன். "வாங்கிட்டேன் ஐயா" என்று பதிலும் போட்டார். அப்படியானால் இந்த ஊரில்தான் இருக்கிறார். கடைக்குப் போனேன். பூட்டிக் கிடக்கிறது. கடைக்காரர் மைத்துனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம், ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் திறப்பாராம். உலகத்தில் இத்தனை மைத்துனர்கள் இருக்கும்போது இவருடைய மைத்துனர் இந்த வாரம்தான் கல்யாணம் பண்ணவேண்டுமா?

இன்னொரு விஷயம். இன்றைக்குக் காலையில் பிளாக்கைப் பார்த்தேன். மூணாம் மாடி எழுதியிருக்கிறார்: "படிகளைப் பிரிண்ட் எடுத்து குளியலறைக் கதவில் ஒட்டிட்டேன் ஐயா. அப்போ போனைத் தொடவேண்டாம் பாருங்க."

அதற்கும் பதில் இருக்கிறது. "ஆமாம் அம்மா, நல்ல யோசனை."

அப்பா


ஜூன் 14, சனி

அப்பா,

நேத்து மத்தியானம் மூணேகாலுக்கு நிறுத்திட்டேன்.

பெரிசா ஒண்ணும் இல்லை. ஒரு வரி அடிக்கணும், நிச்சயமான்னு ஒரு தடவை கேக்கும், ஆமாம்னு அழுத்தணும். நான் எழுதின விதியே என்னைக் கேக்கற மாதிரி இருந்தது. நாலாயிரம் பக்கமும் வெள்ளையாப் போச்சு. உங்க பிளாக்கும்தான், உங்க நூத்தி எழுபது பதிவோட. இருபது நிமிஷத்துல காவலாளி வந்து என் அடையாள அட்டையைக் கழட்டி வாங்கினார். அவர் தினமும் எனக்குக் கதவு திறந்து விடறவர். "என்னம்மா பண்ணினே?"ன்னு கேட்டார். "அப்பாவுக்காக ஒரு சுவிட்சை இறக்கினேன்"னு சொன்னேன். அவருக்குப் புரியலை.

நிம்மதியாத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா வாசல்ல உங்க கடிதம் கிடந்தது. கடைசிப் பாரா.

அது பிரிண்ட் ஆயிடுச்சா, அப்பா? அப்படின்னா நான் எதை நிறுத்தினேன்? அவங்க ஞாயித்துக்கிழமை காலையில சந்தேகம் வந்து கேக்கணும்னாக்கூட இனிமே இடம் இல்லை. நீங்க அவங்களைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னலையும் நான்தான் மூடிட்டேனா?

உங்க போனுக்கு முப்பது தடவை அடிச்சேன். அணைச்சு வைக்கச் சொன்னதும் நான்தான். அம்மாகிட்ட ஏன் போன் இல்லை? இந்தக் கூரியர் நாளைக்கு வருமான்னுகூடத் தெரியலை.

போய்ப் பிடிங்க.


ஜூன் 16

பாப்பா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. முதலில் இதைப் படி: மூணாம் மாடி உயிரோடு இருக்கிறார்.

நேற்றுக் காலை ஒன்பதரைக்கே கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் பத்தே காலுக்கு வந்தார், காதில் கல்யாணச் சந்தனத்தோடு. விஷயத்தைச் சொன்னதும் உத்தரவாதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கட்டடத்தின் பெயர், மூன்றாம் மாடி என்று எழுதியிருந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். சுவரில் பெயிண்ட் உரிந்து, ஒயரெல்லாம் வெளியே தொங்குகிற கட்டடம். அதைப் பார்த்ததும் ஆட்டோக்காரரிடம் மீதியைக்கூட வாங்காமல் மாடி ஏறினேன்.

மணியை அடித்தேன். சங்கிலியைக் கழட்டாமல் ஒரு விரற்கடை கதவு திறந்தது. "யாரு?"

"நான்தாம்மா, கழட்டி மாட்டி எழுதறவன். ஹீட்டரைத் தொடாதீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயாவே எழுதியிருக்கார், அவர் பேரைச் சொல்லிட்டு ஒரு ஆள் வருவான், நம்பாதீங்கன்னு. போங்க, இல்லைன்னா கீழே இருக்கிறவங்களைக் கூப்பிடுவேன்."

"அது நான் எழுதினதுதாம்மா."

"அப்போ நீங்களே உங்களை நம்பவேண்டாம்னு சொல்றீங்களா?"

கதவு மூடிவிட்டது. உள்ளே ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் வடிகிற சத்தமும் கேட்டது. அதுதான் அவருடைய முதல் படி.

என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு மூன்று மாடியை எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டி. எந்தச் சுவிட்ச் எந்த வீட்டுக்கு என்று பார்க்க நேரமில்லை. கட்டடத்தின் மெயினையே இறக்கிவிட்டு, பெட்டிக்குக் குறுக்கே முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நிமிஷத்தில் கூட்டம். "யாருய்யா நீ? மின்சார ஆபீஸா?" "இல்லைங்க, ரிட்டயர்டு மெக்கானிக்." "ரிட்டயர் ஆனா வீட்ல இருக்கவேண்டியதுதானே?" ஒருவர் என் சட்டையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். எடை அவருக்குச் சாதகமாக இல்லை.

கடைசியில் அவரும் இறங்கி வந்தார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் அந்தத் தாள். ஈரக் கால். "மூடியைத் திறந்துட்டேன், கை வைக்கப் போனப்போ லைட் போயிடுச்சு" என்று யாரிடமோ சொன்னார். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டரை அவரிடம் கொடுத்து, "ஹீட்டர் சுவிட்சை அணைச்சுத்தானே வச்சிருக்கீங்க? நான் மெயினைப் போடறேன். நீங்க ஸ்டூல்ல ஏறவேண்டாம், கீழே தொங்கற ஒயர் நுனியில செருப்புக் காலோட நின்னு இதை மட்டும் வைங்க" என்றேன். வேண்டாம் என்று தோன்றி, மெயினைப் போட்டுவிட்டு அவரோடு மேலே ஏறி, அவரைக் குளியலறை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நானே போய் வைத்தேன். டெஸ்டரில் விளக்கு எரிந்தது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

அவர் அந்த விளக்கைப் பார்த்தார். பிறகு தாளைக் கதவிலிருந்து கிழித்த இடத்தைப் பார்த்தார். "நான் மெயினைப் பத்தித் திருப்பிக் கேட்டேனே, ஆமாம்னு சொன்னீங்களே" என்றார். நடை என்னுடையது. சாவி கொடுத்ததும் நான்.

நீ கேட்டதற்குப் பதில்: நீ நிறுத்தினது வீண் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு புதிதாக ஒருவர்கூடப் பிரிண்ட் எடுத்திருக்கமுடியாது. ஆனால் அதற்கு முன்னால் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பிப்போய்க் கடைக்காரரிடம் விவரம் சொன்னபோது, அவர் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே, "போன வாரம் காயில் வாங்கினவங்க நிறையப் பேர் கையில ஒரு தாள் வச்சிருந்தாங்களே" என்றார். சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். இன்னும் எட்டுப் பேர்.

நேற்றும் இன்றும் ஏழு பேரைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேர் ஏற்கெனவே மாட்டி முடித்திருந்தார்கள், கட்டடம் புதிது, ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் என்னை உள்ளே விடவே இல்லை. ஜன்னல் வழியாகக் கத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டாவது சீட்டில் முகவரி கிடையாது. போன் நம்பர் மட்டும்தான். வாங்கினது ஒரு வயதானவர் என்று கடைக்காரருக்கு ஞாபகம். "நாளைக்கே மாட்டிடுவேன், வெந்நீர் இல்லாம என் வீட்டுக்காரிக்கு முடியலை" என்று சொன்னாராம். அது கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டின புதன்கிழமை.

நீ கிளம்பி வா. உன் வேலையைப் பற்றி நாம் பிறகு பேசலாம், சண்டை வந்தாலும் பரவாயில்லை. கடைக்காரரின் மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து அந்த நம்பருக்கு ஆறு தடவை அடித்துவிட்டேன். மணி போகிறது. எடுக்கவில்லை. உறையை ஒட்டிவிட்டு மறுபடி அடிக்கவேண்டும்.

அப்பா